அம்பாசடர் ஸ்டார்ட் ஆகலையா? பேட்டரி வாங்க ஓடாதீங்க!

ஒரு தாத்தாவிடம் 1984 மாடல் அம்பாசடர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (காமர்ஸ் படிப்பில் எல்லாக் கணக்கும் "வைத்துக்கொள்வோம்" என்றுதானே ஆரம்பிக்கும்!) 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். மூன்று வாரமாக ஷெட்டில் நின்ற வண்டி. ஒரு நாள் காலையில் செல்ஃப் போட்டால் "டக்" என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"பேட்டரி போயிருக்கும்" என்கிறார் மகன். புது பேட்டரி வருகிறது. மறுபடி "டக்". மெக்கானிக் வருகிறார், செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு எடுத்துப் போகிறார். நாலு நாள் கழித்து மாட்டினால் மறுபடியும் "டக்". அடுத்து சொலினாய்டு. அதற்கும் அதே "டக்". இதற்குள் செலவு ஆயிரக்கணக்கில் போயாச்சு. பக்கத்து வீட்டுக்காரர் பழைய இரும்புக் கடையின் போன் நம்பரோடு வந்து நிற்கிறார். தாத்தா எதுவும் பேசாமல் பேப்பர் படிப்பது போல நடிக்கிறார்.

இது கற்பனைதான். ஆனால் பழைய கார் வைத்திருக்கும் எந்த வீட்டில் சொன்னாலும் "நம்ம கதை" என்பார்கள். இத்தனைக்கும் இந்த மாதிரி கார்களில் கோளாறு கண்டுபிடிப்பது ரொம்ப எளிது. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று விஷயம் போதும்: எஞ்சின் சுற்ற வேண்டும், பிளக்கில் சரியான நேரத்தில் கரண்ட் வர வேண்டும், பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் உள்ளே போக வேண்டும். எது வரவில்லை என்று தெரிவதற்கு முன் பர்ஸைத் திறப்பதுதான் தப்பு.

ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் என்ன செய்வோம்? முதலில் கூட்டலைச் சரிபார்ப்போம், அப்புறம் லெட்ஜரிலிருந்து எடுத்து எழுதியதைப் பார்ப்போம். சோம்பேறிகள் வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். சோதிக்காமல் பார்ட் மாற்றுவதும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்தான். தப்பு அங்கேயே இருக்கும், பேர்தான் வேறு.

தாத்தாவின் "டக்"குக்கு வருவோம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் போட்டுப் பார்க்க வேண்டும். லைட் மங்கி அணைகிற மாதிரி ஆனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் பூ பூத்திருக்கிறது. (அந்த வெள்ளையும் பச்சையுமான தூளுக்கு வெந்நீரும் ஒரு பழைய பிரஷ்ஷும் போதும்.) மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். நல்ல சார்ஜில் உள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12-க்குக் கீழே போய்விட்டால் காலி என்று அர்த்தம்.

ஆனால் லைட் துளியும் மங்காமல் பளிச்சென்று எரிந்து, "டக்" மட்டும் வந்தால்? பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, மோட்டாருக்குப் போகவில்லை. இங்கேதான் எல்லோரும் மறக்கும் ஒரு சாமான் இருக்கிறது: எர்த் பட்டை. எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் எஞ்சினையும் பாடியையும் இணைக்க ஒரு பின்னல் கம்பிப் பட்டை போட்டிருப்பார்கள். அதன் போல்ட் அடியில் துரு ஏறினால் செல்ஃப் மோட்டாருக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும். ஹெட்லைட்டுக்கு பாடி எர்த், அதனால் அது ஜம்மென்று எரியும். சொலினாய்டும் பாடியில் மாட்டியிருப்பதால் விசுவாசமாக "டக்" சொல்லும். சில வண்டிகளில் கரண்ட் வேறு வழி தேடி சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் போகப் பார்த்து, அந்தக் கேபிள்களே சூடாகிவிடும்!

சோதிக்க ஒரு ஜம்ப் கேபிள் போதும். பேட்டரியின் எர்த் முனையிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்குக்கு இணைத்து செல்ஃப் போட வேண்டும். எஞ்சின் சுற்றினால் விஷயம் முடிந்தது. தாத்தாவின் வண்டியில் அதுதான். போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினால் சரி. (1950, 60-களின் பிரிட்டிஷ் வழிவந்த கார்களில் பல பாசிட்டிவ் எர்த். யாரோ பிறகு மாற்றியும் இருக்கலாம். கேபிளைத் தொடுமுன் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.)

எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் அடுத்தது கரண்ட். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு வரும் தடித்த வொயரை மூடியிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து, பிளாக்கிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்துக்கொண்டு, இன்னொருவரை செல்ஃப் போடச் சொல்ல வேண்டும். சடசடவென்று நீலப் பொறி வந்தால் காயில், பாயின்ட், கண்டென்சர் எல்லாம் நல்லபடி. அப்படியும் பிளக்கில் வரவில்லை என்றால் ரோட்டர், மூடி, பிளக் வொயர் ஆகியவற்றில்தான் கோளாறு. நடு வொயரிலேயே பொறி இல்லை என்றால் சி.பி. பாயின்ட்டைப் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் நின்ற வண்டியில் பாயின்ட் முனைகளில் மெல்லிய படலம் படிந்துவிடும். உப்புத்தாளால் லேசாக ஒரு இழுப்பு, பிறகு துணியால் துடைத்து இடைவெளியைச் சரிபார்த்தால் போதும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் அது 0.35-லிருந்து 0.4 மில்லிமீட்டர். பாயின்ட் கருகியிருந்து, பொறி மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் கண்டென்சர் மேல் சந்தேகப்படலாம்.

சந்தேகம் வந்ததும் மொத்த செட்டையும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. 2017-ல் அந்தப் பெயரையே 80 கோடி ரூபாய்க்கு பெஜோ கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். இப்போது கடையில் கிடைக்கும் ரோட்டர், கண்டென்சர் எல்லாம் ஒரே தரமில்லை. புதிதாக வாங்கிய ரோட்டரிலேயே கரண்ட் கசிவதும், புது கண்டென்சர் சில நாளில் படுத்துவிடுவதும் உலகம் முழுக்கப் பழைய கார் வைத்திருப்பவர்களின் புலம்பல். நன்றாக இருந்த பழைய பார்ட்டைக் கழற்றிவிட்டு மட்டமான புதியதைப் போட்டால் ஒரு கோளாறு இரண்டாகும். "புதுசாச்சே, அது சரியாத்தான் இருக்கும்" என்று அதைத் திரும்பிப் பார்க்கவும் மாட்டோம். ஒன்றை ஒன்று மறைக்கும் தப்பு எவ்வளவு கொடுமை என்று அக்கவுண்ட்ஸ் பரீட்சை எழுதியவர்களுக்குத் தெரியும் :-) அதனால் ஒரு தடவைக்கு ஒரு பார்ட்தான் மாற்ற வேண்டும். கழற்றிய பழையதைத் தூக்கியும் போடக் கூடாது.

கரண்ட் இருக்கிறது என்றால் மிச்சம் பெட்ரோல். ஒரு பிளக்கைக் கழற்றினால் அதுவே சொல்லிவிடும். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகி எஞ்சின் மூழ்கியிருக்கிறது. பத்து நிமிடம் விட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் போட வேண்டும். விட்டு விட்டு மிதித்தால் கார்புரேட்டர் இன்னும் பெட்ரோலைப் பீய்ச்சும். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு செல்ஃப் போட்டால் பம்ப் தள்ளுகிறதா என்று தெரியும். இதைச் செய்யும்போது காயில் வொயரைக் கழற்றிவிட வேண்டும், வண்டி வெட்டவெளியில் நிற்க வேண்டும், பீடி சிகரெட் யாரும் பக்கத்தில் வரக் கூடாது. கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் செய்வது சினிமாவில் பார்க்க வீரமாக இருக்கும். எஞ்சின் திருப்பி அடித்தால் பானெட்டோடு முகமும் கருகும்.

பெட்ரோலே இப்போது மாறிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2025-க்குள் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயாஃப்ரத்தையும் ஊற வைத்துக் கெடுக்கும். 1984-ல் இந்த வண்டியைச் செய்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோலோடு மல்லுக்கட்டுவதை விட, அதை வடித்துவிட்டுப் புதிது ஊற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம். சோதிக்காமல் மாற்றலாம் என்று சொல்லக்கூடிய ஒரே சாமான் எத்தனாலைத் தாங்கும் புது ரப்பர் குழாய்தான்.

இன்னொரு பழக்கம். "வாரம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சா வண்டி கெடாது" என்பார்கள். டைனமோ உள்ள பழைய கார்களில் இது நேர் எதிர். எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ சார்ஜ் செய்வதே இல்லை. செல்ஃப் எடுத்துக்கொண்ட கரண்ட் திரும்பி வராது. ஐந்து வாரம் இப்படிச் செய்தால் ஆறாவது வாரம் பேட்டரி கோவிந்தா! எஞ்சின் முழுச் சூடு ஆகாததால் சைலன்ஸருக்குள் தண்ணீர் தங்கித் துரு பிடிப்பது தனி. ஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் பேசாமல் பேட்டரி வொயரைக் கழற்றி வைத்துவிடலாம்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் யாரும் சோதிப்பதில்லை? மெக்கானிக்குகளைத் திட்டுவது சுலபம். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு கம்ப்யூட்டர் மாட்டினாத்தான் தெரியும்" என்று அலுத்துக்கொள்வார்கள். ஆனால் வண்டிக்காரர்கள் எதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். பில்லில் "பேட்டரி" என்று இருந்தால் பேசாமல் எண்ணிக் கொடுப்பார்கள். ஒரு மெக்கானிக் ஜம்ப் கேபிளை வைத்துப் பார்த்து, போல்ட்டைத் தேய்த்து மாட்டி, "ஐந்நூறு ரூபாய் கொடுங்க சார்" என்றால், "போல்ட் முடுக்கினதுக்கா ஐந்நூறு?" என்று சண்டைக்கு வருவார்கள். அவர் இருபது வருடத்தில் கற்றுக்கொண்டதற்கு விலை பூஜ்யம், கடைப் பொருளுக்கு மட்டும்தான் விலை என்றால், அவர் எதை விற்பார்? பார்ட்டைத்தான் விற்பார். அதில் கமிஷனும் கிடைக்கும். எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் கிடைக்கும், இதற்கு எகனாமிக்ஸ் புத்தகம்கூட வேண்டாம்.

பழைய காரை வைத்திருப்பதே செலவுதான். 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 என்று ஏறியது. இதற்கு மேல் தேவையில்லாத பேட்டரியும் ரீவைண்டிங்கும் சேர்ந்தால் நல்ல வண்டிகூட இரும்புக் கடைக்குத்தான் போகும்.

அதனால் மெக்கானிக் வந்ததும் முதலிலேயே பேசிவிடலாம்: "கோளாறு என்னன்னு கண்டுபிடிக்கிறதுக்கு இவ்வளவு. பார்ட் மாத்தினாலும் மாத்தலைன்னாலும் அது உங்களுக்கு." பிறகு அவர் காயில் மாற்ற வேண்டும் என்றால், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேட்கலாம். கோபப்படாமல் நடு வொயரைக் கழற்றி, "இங்க பாருங்க, பொறி வரல" என்று காட்டுகிற ஒருவர் கிடைத்தால், அவர் நம்பரை ஆர்.சி. புக்கோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.