வாங்குமுன் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளி, ஓராண்டு புகுமுக வகுப்பு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. இதுதான் நான் வந்த பாதை. உங்களில் பலரும் இதே பாதையில்தான் வந்திருப்பீர்கள். இடைநிலைப்பள்ளியில் எங்களுக்குத் தமிழ் வகுப்பு பள்ளி நேரம் முடிந்த பிறகுதான் நடந்தது. பேருந்து போய்விடுமே என்று பாதியில் எழுந்து ஓடிய நாள்களே அதிகம். எஸ்.பி.எம். தேர்வோடு என் தமிழ் வாசிப்பும் நின்று போனது. சென்ற ஆண்டு ஒரு நாவலைக் கையில் எடுத்தபோது, ஒரு பக்கத்தைக் கடக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. தமிழ்ப்பள்ளியில் கதை சொல்லும் போட்டிக்குப் போன எனக்கு அன்று வெட்கமாகவே இருந்தது.

மீண்டும் வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். விடுதி அறையில் நூல்களை அடுக்க இடமில்லை. கைப்பேசியில் வாசித்தாலோ இரண்டு பத்திக்கு ஒரு குறுஞ்செய்தி வந்து குறுக்கிடுகிறது. ஆகவே பழைய மின்னூல் வாசிப்புக் கருவி ஒன்றை வாங்க எண்ணினேன். பகுதி நேர வேலையில் சேர்த்த 300 வெள்ளி கையில் இருந்தது.

மூன்று மாதிரிகளை ஒப்பிட்டேன். 2018-இல் வந்த கிண்டில் பேப்பர்வைட், அதே ஆண்டில் வந்த கோபோ கிளாரா எச்டி, 2019-இல் வந்த சாதாரண கிண்டில். மூன்றுக்கும் ஆறு அங்குலத் திரை. முதல் இரண்டிலும் ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள். மூன்றாவதில் 167 மட்டுமே. பேப்பர்வைட் தண்ணீரில் நனைந்தாலும் தாங்கும். கிளாராவில் இரவில் விளக்கொளியை மஞ்சளாக மாற்றிக்கொள்ளலாம். ஈபப் கோப்புகளையும் நேரடியாகத் திறக்கலாம். இவையெல்லாம் எந்த மதிப்புரையிலும் கிடைக்கும் செய்திகள்தாம். ஆனால் நான் படித்த மதிப்புரைகளில் ஒன்றுகூட, ‘இதில் தமிழ் சரியாகத் தெரியுமா?’ என்ற கேள்விக்கு விடை தரவில்லை.

அந்தக் கேள்வியின் அருமை ஒரு ரயில் நிலைய வாசலில்தான் எனக்குப் புரிந்தது. விற்க வந்தவர் வேறொரு கல்லூரி மாணவர். கருவி புதிது போலவே பளபளத்தது. நான் கொண்டு போயிருந்த ஒரு பக்கத் தமிழ்க் கோப்பை அதில் ஏற்றித் திறந்தேன். ‘கொக்கு’ என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றன. ‘சௌக்கியம்’ படிக்கவே முடியவில்லை. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஆங்கிலம் நன்றாகத்தானே தெரிகிறது?” என்றார். அவர் மீது குற்றமில்லை. கருவியைச் செய்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

தமிழ் எழுத்துகளை வரிசையாக அடுக்கினால் மட்டும் போதாது. ஒற்றைக்கொம்பு மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டாலும் திரையில் அதற்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அதைச் செய்யும் மென்பொருள் இல்லையென்றால், எழுத்துரு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. முதல் கிண்டில் 2007-இல் வந்தது. தமிழ் நூல்கள் அதன் கடைக்கு முறையாக வந்தது 2016-இன் இறுதியில்தான். இடைப்பட்ட காலத்தில் நம்மவர்கள் கைகட்டி நிற்கவில்லை. ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ குழுவினர் தாங்கள் இலவசமாக வழங்கும் நூல்களை ஆறு அங்குலத் திரைக்கென்றே தனி பி.டி.எஃப். கோப்பாகவும் தந்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டே தட்டச்சு செய்து வழங்கியது. கணினியில் தமிழை நிலைநிறுத்திய முரசு அஞ்சலைத் தந்த முத்து நெடுமாறன் நம் மலேசிய மண்ணைச் சேர்ந்தவர். இத்தனை பேர் உழைத்த பிறகும், வாங்கும் நாம் தமிழ் தெரியுமா என்று கேட்காமலேயே காசைக் கொடுத்தால் அது யார் குற்றம்?

‘கைப்பேசியில்தான் தமிழ் அழகாகத் தெரிகிறதே, இன்னொரு கருவி எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வேகம் குறைந்துபோன வாசகனுக்கு முதல் தேவை இடையூறில்லாத ஒரு பக்கம். கைப்பேசி அதைத் தருவதில்லை, எனக்குத் தரவில்லை.

இறுதியில், என் கோப்பைப் பிழையின்றிக் காட்டிய 2018 பேப்பர்வைட்டை 250 வெள்ளிக்கு வாங்கினேன். அதிலும் குறை உண்டு. பழைய நூல்களை அப்படியே படமெடுத்த பி.டி.எஃப். கோப்புகள் ஆறு அங்குலத்தில் எறும்பு ஊர்வது போல் தெரிகின்றன. ஆய்வேடு எழுதும் தமிழியல் மாணவர்கள் எட்டு அல்லது பத்து அங்குலத் திரையைத் தேடுவதே நல்லது.

பழைய கருவி வாங்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். திரையில் அழியாத கோடோ புள்ளியோ உண்டா என்று பாருங்கள். இவற்றுக்கு முன்பாக, கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ ஆகியவை அடங்கிய ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சரியாகத் தெரியாவிட்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏன் வேண்டாம் என்பதையும் விற்பவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்போது ஒரு பக்கத்திற்கு எனக்கு இரண்டு நிமிடம் ஆகிறது.