காளான் படத்துக்குக் கீழே "சாப்பிடலாம்" என்று எழுதாதீர்கள்



மாரி மழை விழுந்ததும் எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் காளான் படங்கள் வரத் தொடங்கிவிட்டன. வேலியோரம், பனங்காணி, புற்றடி, மணற்காட்டுச் சவுக்கங்காடு என்று எங்கெல்லாமோ எடுத்துப் போடுகிறார்கள். என் மாணவர்களும் அனுப்புகிறார்கள். நல்ல பழக்கம், விடாதீர்கள். என் பயம் படத்துக்குக் கீழே வரும் பதில்தான்: "நல்ல காளான், கறி வைக்கலாம்." மேலேயிருந்து எடுத்த ஒரே ஒரு படத்தைப் பார்த்து எப்படிச் சொல்கிறீர்கள்?

நாங்கள் விரும்பிச் சாப்பிடும் புற்றுக்காளானின் தண்டு, வேர்போல நீண்டு கறையான் புற்றுக்குள் இறங்கும். அதை மேலேயிருந்து எடுத்த படம் காட்டாது. புல்தரையில் பெரிய வெள்ளைக்காளான் ஒன்று வரும், குடையில் மண்ணிறச் செதில் இருக்கும். பெயர் குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ். குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள் இளசில் வெள்ளை, முற்றினால்தான் பச்சை. தின்றால் சில மணித்தியாலத்தில் சத்தியும் வயிற்றோட்டமும்.

படம் எடுப்பவர்கள் குடையின் அடிப்பக்கம், தண்டு, மண்ணுக்குள் இருக்கும் அடி, முளைத்த இடம் எல்லாவற்றையும் எடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்தால் அளவு தெரியும். பிறகு குடையை வெட்டி வெள்ளைத்தாளில் கவிழ்த்து, கிளாஸால் மூடி இரவு விடுங்கள். காலையில் வித்தித்தூள் படிந்திருக்கும். புற்றுக்காளானுக்கு அது இளஞ்சிவப்பு, மற்றதற்குப் பச்சை. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விஞ்ஞானப் பாடம் கிடையாது. பேராதனையில் பங்கசு ஆராய்ந்த டொம் பெச், 1906இலேயே கறையான் புற்றுப் பங்கசுக்களைப் பற்றி எழுதினார். போன் அப் படத்துக்குப் படம் ஒப்பிட்டு ஊகிக்கிறது, அவ்வளவுதான்.

"ஹதீஸிலேயே காளான் இருக்கிறதே" என்கிறார்கள். தமிழில் காளான் என்று போட்டிருக்கும் அந்த அரபுச் சொல் கம்ஆ. பாலைவன மண்ணுக்குள் விளையும் கிழங்கு போன்ற ஒன்று அது. வேலியோரத்துக் குடைக்காளான் அல்ல. அதன் தண்ணீரைக் கண்ணில் விட வேண்டாம்.

இன்னொன்று, சொல்லக் கஷ்டமானது. 90இல் ஊரை விட்டுப் போனோம். எங்கள் பிள்ளைகள் புத்தளத்தில் வளர்ந்தார்கள். எந்த வளவில் எது முளைக்கும், எதைத் தொடக் கூடாது என்று கையைப் பிடித்துக் காட்டியிருக்க வேண்டிய உம்மம்மாமார் பலர் அங்கேயே மௌத்தாகிவிட்டார்கள். இப்போது "எங்கள் ஆட்கள் எப்போதும் சாப்பிடுவதுதான்" என்று யாரை நம்பிச் சொல்கிறோம்?

மஞ்சளும் வெள்ளிக் கரண்டியும் நஞ்சைக் காட்டாது. சில நஞ்சு அவித்தாலும் போகாது. மிக மோசமான காளான்களில் ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் சத்தி தொடங்கும். பிறகு சுகமானது போலிருக்கும், அதற்குள் ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கும். யாராவது தின்று ஏலாமல் வந்தால் காத்திருக்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மிச்சக் காளானையும் போனில் உள்ள படத்தையும் டொக்டரிடம் காட்டுங்கள்.