அசையாத படமும் அசையும் கண்ணும்



அண்மையில் ஒரு புதுமனையை மந்திரிக்கச் சென்றிருந்தோம். முன்னறைச் சுவரில் பெரியதோர் அக்ரிலிக் படம். கறுப்பும் வெள்ளையுமான சதுரங்கள் ஓரிடத்தில் ஒடுங்கிச் சுவருக்குள் மடிவனபோல் தோன்றின. படம் அசையவில்லை; நம் கண்ணோ அசைவதாகவே கண்டது. தீர்த்தம் தெளித்து முடித்ததும் வீட்டுத் தலைவர், "சாமி, இதை வைத்திருப்பது தவறா?" என்று வினவினார்.

தவறன்று என்றோம். 'ஆப் ஆர்ட்' எனப்படும் இக்கலையை வளர்த்தோருள் முதன்மையானோர், ஹங்கேரியில் பிறந்த விக்டர் வாசரேலியும் இங்கிலாந்தின் பிரிஜெட் ரைலியும் ஆவர். 1965ஆம் ஆண்டு நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் நடந்த கண்காட்சி இதனை உலகறியச் செய்தது. ஓவியம் செல்வர் சிலரது உடைமையாய் நின்றுவிடாமல், படிகளாகப் பெருகிப் பலரையும் அடைய வேண்டும் என்பது வாசரேலியின் விருப்பம். இறைவன் தந்த கண் எங்ஙனம் மயங்குகிறது என்று அறிந்து வியப்பதில் பாவம் ஏது?

ஆயினும் வாங்குவோர் சிலவற்றை எண்ணிப் பார்த்தல் நலம். அக்ரிலிக் கண்ணாடியைவிட இலேசானது, எளிதில் உடையாது, ஆனால் எளிதில் கீறல் விழும். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் தூசியே அதைக் கீறிவிடும். ஈரமான மென்துணியே ஏற்றது. அம்மோனியா கலந்த திரவங்கள் ஆகா. சன்னலுக்கு எதிரே மாட்டினால், படம் மறைந்து வெளிச்சமே தெரியும். அனைத்திலும் முக்கியமானது ஒன்று: நெருங்கிய கறுப்பு வெள்ளைக் கோடுகள் சிலருக்குத் தலைச்சுற்றலையும் ஒற்றைத் தலைவலியையும் தரக்கூடும், வலிப்பு நோயுள்ளோர் சிலருக்கு வலிப்பையே தூண்டக்கூடும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில், அதுவரை பேசாதிருந்த வீட்டுத் தலைவரின் தாயார் மெல்ல வாய் திறந்தார்: "அதனால்தான் சாமி, இங்கே உட்கார்ந்து செபமாலை சொல்ல முடியவில்லை. தலை சுற்றுகிறது."

மகன் திகைத்தார். "ஏனம்மா என்னிடம் சொல்லவில்லை?"

"ஆசையாய் வாங்கி வந்தாய், எப்படிச் சொல்வது?"

அப்போதுதான் கவனித்தோம். அன்னையார் நாள்தோறும் அமரும் நாற்காலிக்கு நேரெதிரே அப்படம். அங்கிருந்த திருஇருதய ஆண்டவர் படமோ உள்ளறைக் கதவின்மேல் போயிருந்தது. எவரும் தீய எண்ணத்தால் செய்ததன்று. கேளாமல் செய்தது, அவ்வளவே. அன்றே மகன் படத்தை மாடிப்படிச் சுவருக்கு மாற்றினார். ஆண்டவர் படமும் பழைய இடத்திற்குத் திரும்பியது.

பிரியமானவர்களே, வீட்டுச் சுவர் ஒருவருடையதன்று. அதில் ஓர் ஆணி அறையுமுன், அச்சுவரைப் பார்த்து நாளெல்லாம் அமர்ந்திருப்பவரிடம் ஒரு சொல் கேளுங்கள். அன்பினால் வாய் மூடியிருப்போர் எல்லா வீடுகளிலும் உண்டு. இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக!