விலை 20 ஆயிரம் பவுன்! சம்பளம் 12 பவுன்!

ஓர் ஆளை விற்றார்கள். விலை 20 ஆயிரம் பவுன்.

அந்த நாளில் ஒரு பவுன் என்றால் நம் பணத்தில் 13 ரூபாய் 5 அணா. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 2 லட்சத்து 66 ஆயிரம் ரூபாய்!

விலைபோன மனிதருக்கு என்ன கிடைத்தது? வாரம் 12 பவுன் சம்பளம். கையெழுத்துப் போட்டதற்கு 10 பவுன். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு காசு கொடுத்தாலும் குற்றம் என்று விதி இருந்தது.

இது அடிமைச் சந்தைக் கதை அல்ல. 1947-ம் ஆண்டு, இங்கிலாந்து நாட்டில் நடந்தது. விலைபோனவர் பெயர் டாமி லாட்டன். கால்பந்து ஆட்டக்காரர். எதிரியின் கோலுக்கு முன்னால் நின்று பந்தை உள்ளே தள்ளுகிற “சென்டர் பார்வர்டு”. அந்த இடத்தில் அவரைப்போல ஆடியவர்கள் மிகச் சிலரே.

“கால்பந்துக்காரனுக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிறார்களே, அநியாயம்!” என்று இன்று பலர் அங்கலாய்க்கிறார்கள். எங்கள் அலுவலகத்திலும் ஒரு நண்பர் தினமும் இதைச் சொல்வார். “இன்று ஒரு கிளப், நாளை ஒரு கிளப். பணத்துக்காகத் தாவுகிறார்கள். விசுவாசமே இல்லை” என்பார். அவருக்குப் பதிலாகத்தான் லாட்டன் கதையைச் சொல்கிறேன்.

பதினாறு வயதுப் பையன்

லாட்டன் 1919-ம் ஆண்டு பிறந்தார். ஊர், லங்காஷயர் வட்டாரத்தில் உள்ள பார்ன்வொர்த். தாய் பஞ்சாலையில் வேலை செய்தவர். தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாத்தா வீட்டில் வளர்ந்தான் பையன்.

பந்து என்றால் பையனுக்கு உயிர். பர்ன்லி என்ற ஊர்க் கிளப் அவனைச் சேர்த்துக்கொண்டது. தாத்தாவுக்கும் திடலில் ஒரு வேலை கொடுத்தது.

1936 மார்ச் மாதம் பர்ன்லிக்காக லீக் பந்தயத்தில் இறங்கினான். வயது 16! அதுவரை அவ்வளவு சிறு வயதில் யாரும் சென்டர் பார்வர்டாக ஆடியதில்லை. 17 வயது நிறைந்து நான்கே நாளில், டாட்டன்ஹாம் கோஷ்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 3 கோல் போட்டான்.

அந்த ஆண்டு முடியும்போது எவர்டன் கிளப் ஓடி வந்தது. 6,500 பவுன் கொடுத்து வாங்கிவிட்டது.

எவர்டனில் அப்போது டிக்ஸி டீன் ஆடிக்கொண்டிருந்தார். ஒரே சீசனில் 60 லீக் கோல் போட்ட சூரர்! அவருடைய இடத்துக்குத்தான் இந்தப் பையனைக் கொண்டு வந்தார்கள். வேறு ஒருவராக இருந்தால் பொறாமைப்பட்டிருப்பார். டீன் என்ன செய்தார், தெரியுமா? பையனைத் தனியாக அழைத்துப் போனார். பந்தை எறிந்து எறிந்து, தலையால் முட்டச் சொல்லிக் கொடுத்தார். தமக்கு வயதாகிவிட்டது, இனி இவன்தான் என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் பயிற்சி வீண் போகவில்லை. பந்து உயரத்தில் வரும்போது லாட்டன் எகிறுவார். ஒரு கணம் காற்றிலேயே நிற்பதுபோல் இருக்கும். தலை பட்டதும் பந்து கோலுக்குள் இருக்கும். 1938-39 சீசனில் எவர்டன் லீக் சாம்பியன். லாட்டன் போட்டது 34 கோல். அப்போது அவருக்கு வயது 19!

இங்கிலாந்து கோஷ்டியிலும் இடம் கிடைத்தது. எதிர்காலம் பிரகாசமாக இருந்தது.

அப்போதுதான் யுத்தம் மூண்டது.

1939-ல் லீக் ஆட்டங்கள் நின்றன. 1946 வரை இல்லை. லாட்டன் ராணுவத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் ஆனார். போர்க்காலத்தில் நடந்த காட்சி ஆட்டங்களில் ஏராளமாகக் கோல் போட்டார். அவை எதுவும் கணக்கில் சேராது. ஓர் ஆட்டக்காரனுக்கு 20 வயது முதல் 26 வயது வரை எப்படிப்பட்ட காலம்! அந்தக் காலம் முழுவதும் போயிற்று.

எழுதிக் கொடுத்த அடிமை

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

அந்த நாளில் ஆட்டக்காரருக்கும் கிளப்புக்கும் ஓராண்டு ஒப்பந்தம்தான். ஆண்டு முடிந்ததும் கிளப் அவரை “வைத்துக்கொள்கிறோம்” என்று ஒரு தாளில் எழுதிவிடலாம். அவருக்கு இஷ்டம் இல்லை என்றால்? வேறு கிளப்புக்குப் போக முடியாது. பழைய கிளப் அனுமதித்தால்தான் போகலாம். சண்டை போட்டால் ஆட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை. வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

சம்பளத்துக்கும் ஓர் உச்சவரம்பு. யுத்தத்துக்கு முன் வாரம் 8 பவுன். 1947-ல் 12 பவுன். கோடையில் ஆட்டம் இல்லாத நாட்களில் அதிலும் குறைவு. திடல் நிரம்ப மக்களை இழுத்துவரும் லாட்டனுக்கும் அதுதான் வரம்பு. யாருக்கும் தெரியாத சாதாரண ஆட்டக்காரருக்கும் அதே வரம்புதான்.

ஆனால், ஆளை விற்கும் விலைக்கு உச்சவரம்பு கிடையாது! அது எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாம். அந்தப் பணம் கிளப்பிலிருந்து கிளப்புக்குப் போகும். ஆட்டக்காரர் வேடிக்கை பார்ப்பார்.

இது என்ன நியாயம்? மாட்டுச் சந்தையில் மாட்டுக்குப் பங்கு கொடுப்பதில்லை, சரி. மனிதனையும் அப்படி நடத்தலாமா?

லாட்டன் 1946-ல் ஒரு புத்தகம் எழுதினார். “கால்பந்தே என் தொழில்” என்பது அதன் பெயருக்குப் பொருள். தொழில் அவருடையதுதான். லாபம் யாருடையது?

கிளப் மேல் கிளப்

1945-ல் செல்சி கிளப் 11,500 பவுனுக்கு அவரை வாங்கியது. அந்த நவம்பரில் மாஸ்கோ டைனமோ கோஷ்டி லண்டனுக்கு வந்தது. லண்டனே திரண்டு வந்தது என்று சொல்லலாம். ஜனங்கள் கூரைமேல் ஏறினார்கள். எல்லைக் கோடுவரை உட்கார்ந்தார்கள். ஆட்டம் 3-3. லாட்டன் ஒரு கோல்.

1947 மே மாதம் லிஸ்பனில் இங்கிலாந்தும் போர்ச்சுகலும் மோதின. முதல் நிமிடத்திலேயே லாட்டன் கோல் போட்டார். அதோடு நின்றாரா? மொத்தம் 4. இங்கிலாந்து 10 கோல் போட்டது. போர்ச்சுகலுக்கு ஒன்றுகூட இல்லை.

இதற்குப் பிறகுதான் அந்த 20 ஆயிரம் பவுன் விற்பனை. பிரிட்டனில் அதுவரை யாரும் அந்த விலைக்குப் போனதில்லை. வாங்கியது யார் என்பதுதான் அதிசயம். மூன்றாவது டிவிஷனில் கிடந்த நாட்ஸ் கவுண்டி!

“லாட்டனுக்குப் பைத்தியமா?” என்று ஊரே கேட்டது. முதல் டிவிஷனை விட்டு மூன்றாவதுக்கு யாராவது போவார்களா? செல்சியில் மானேஜரோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. நாட்ஸ் கவுண்டியின் மானேஜர் ஆர்தர் ஸ்டாலரி அவருக்கு நண்பர். முன்பு செல்சியில் ஆட்டக்காரர்களுக்கு உடம்பு பிடித்துவிட்டவர். எங்கே போனாலும் அதே சம்பளம் என்றால், மனத்துக்குப் பிடித்த இடத்துக்குப் போவோமே என்று ஒருவர் நினைத்தால் தப்பா? எனக்குத் தப்பாகப் படவில்லை.

நாட்ஸ் கவுண்டிக்கு யோகம் அடித்தது. கூட்டம் பல மடங்கு பெருகியது. 1949-50 சீசனில் லாட்டன் 31 கோல் போட்டார். கிளப் இரண்டாவது டிவிஷனுக்கு உயர்ந்தது.

1952-ல் பிரென்ட்போர்டு. அங்கே சில மாதம் ஆட்டக்காரரும் அவரே, மானேஜரும் அவரே. அது சரிப்படவில்லை. 1953-ல் அர்சனல். அப்போது வயது 34 ஆகப் போகிறது. கால் பழையபடி ஓடவில்லை. 1956-ல் லீக் ஆட்டத்திலிருந்து விலகினார்.

மொத்தம் 231 லீக் கோல். இங்கிலாந்துக்காக 23 ஆட்டத்தில் 22 கோல். அவரை மாற்றி மாற்றி விற்றதில் கிளப்புகளுக்குள் கைமாறிய பணம் 60 ஆயிரம் பவுனுக்கு மேல்!

வாரம் 12 பவுன் வீதம் அவர் 20 ஆயிரம் பவுன் சம்பாதிக்க வேண்டுமானால் 32 ஆண்டு உழைக்க வேண்டும். எந்தக் கால் 32 ஆண்டு தாங்கும்?

கோர்ட்டுப் படி ஏறினார்

பிறகு நடந்தது துயரம். சிறிய கிளப் ஒன்றில் மானேஜராகி வெற்றி கண்டார். நாட்ஸ் கவுண்டியிலும் மானேஜர் ஆனார், அங்கே தோல்வி. மதுக்கடை நடத்தினார். இன்ஷூரன்ஸ் விற்றுப் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை. கடன் ஏறியது.

வங்கியில் பணம் இல்லாமலே செக் எழுதிக் கொடுத்தார். 1972-ல் கோர்ட்டில் நிறுத்தினார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்கள். அதே ஆண்டு எவர்டன் திடலில் அவருக்காக நிதி ஆட்டம் நடந்தது. ஆனாலும் தொல்லை தீரவில்லை. 1974-ல் மறுபடியும் கோர்ட்!

“ஊதாரித்தனமாகச் செலவழித்தார், அனுபவித்தார்” என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. விளம்பரத்தில் அவருக்கு மேல் வரும்படி வந்தது. நல்ல உடுப்பு உடுத்தினார். பொய்ச் செக் எழுதியது அவர் கைதான். கடைக்காரர் ஏமாந்தது ஏமாந்ததுதான். இதற்கு நான் பரிந்து பேசவில்லை.

ஆனால் அவர் சம்பாதித்துக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அவரிடம் வந்திருந்தால்? அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கோர்ட்டில் கேட்க வேண்டிய கேள்வியும் அல்ல அது.

விலங்கு ஒடிந்தது

லாட்டன் அர்சனலை விட்டு 5 ஆண்டு கழிந்தது. ஆட்டக்காரர்கள் ஒன்று சேர்ந்தார்கள். “வேலைநிறுத்தம் செய்வோம்” என்றார்கள். 1961 ஜனவரியில் சம்பள உச்சவரம்பு ஒழிந்தது. உடனே புல்ஹாம் கிளப்பின் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுன்!

ஜார்ஜ் ஈஸ்தாம் என்பவர் நியூகாசில் கிளப்பில் ஆட மறுத்தார். கிளப் விட மறுத்தது. அவர் ஆட்டத்தை விட்டுத் தக்கை விற்கப் போனார்! பிறகு வழக்குப் போட்டார். ஆளைப் பிடித்துவைக்கும் முறை நியாயமற்றது என்று 1963-ல் தீர்ப்பு வந்தது. 1995-ல் ஐரோப்பிய நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒப்பந்தம் முடிந்தால், ஐரோப்பிய ஆட்டக்காரர் விலையே இல்லாமல் வேறு நாட்டுக் கிளப்புக்குப் போகலாம்.

என் நண்பர் சொல்லும் “தாவல்” இதுதான். கிளப் தனக்கு வேண்டாதவரை ஒரே நாளில் விற்கிறது. அதற்கு யாரும் விசுவாசம் பற்றிப் பேசுவதில்லை. ஆட்டக்காரர் தாமாகப் போனால் மட்டும் துரோகி! பத்து, பதினைந்து வருஷம் ஓடுகிற கால். முழங்காலில் ஓர் அடி பட்டால் அதுவும் போச்சு. ஓடுகிற காலத்தில் கேட்காமல் அவர் எப்போது கேட்பார்? இன்றைய சம்பளம் கூடுதல்தான் என்றே வைத்துக்கொள்வோம். அவர் வாங்காவிட்டால் அந்தப் பணம் ஏழைகளுக்கா போகும்? முன்பு எங்கே போயிற்றோ அங்கேதான் போகும்.

லாட்டனுக்கும் கடைசிக் காலத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. நாட்டிங்ஹாம் நகரின் மாலைப் பத்திரிகையில் கால்பந்து பற்றி எழுதினார். ஜனங்கள் விரும்பிப் படித்தார்கள்.

1996 ஜூலையில் ஒரு செய்தி வந்தது. ஆலன் ஷியரர் என்ற ஆட்டக்காரரை நியூகாசில் கிளப் 1 கோடியே 50 லட்சம் பவுனுக்கு வாங்கியது. அதுவரை உலகில் யாருக்கும் கொடுக்காத விலை. ஷியரரும் சென்டர் பார்வர்டுதான். தலையால் முட்டிக் கோல் போடுவதில் அவரும் கெட்டிக்காரர்.

அந்த ஆண்டு நவம்பர் 6-ந் தேதி லாட்டன் காலமானார். வயது 77. அவருடைய அஸ்தி, இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.