எங்கிருந்து தொலைவு?

முதுகுப்பையோடு நெடுந்தீவுக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வந்தேன். ஊர் திரும்பியதும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "செம ரிமோட்டாமே மச்சி, அப்படியே நூறு வருஷம் பின்னாடி போன மாதிரி இருக்குமாமே?" என்பதுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. போவதற்கு முன் நானும் அதே ரீல்ஸைத்தான் பார்த்தேன். 'காலம் உறைந்த தீவு', 'யாரும் தொடாத சொர்க்கம்', 'எளிமையான மக்கள்'. பவளக்கல் வேலி, அலையும் குதிரை, பின்னணியில் ஒரு புல்லாங்குழல். இந்த மூன்று சொற்றொடர்களும் பொய் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். தெரியாமல் சொன்ன பொய்தான். ஆனால் அதனால் யாருக்கோ லாபம் இருக்கிறது.

முதலில் தொலைவு. ராமேசுவரத்திலிருந்து நெடுந்தீவு நேர்கோட்டில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் டவுனுக்குப் போகிற தூரம்தான். நான் போனதோ நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, காங்கேசன்துறையில் இறங்கி, யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து பஸ்ஸில் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டி, குறிகட்டுவான் துறையில் காத்திருந்து, மறுபடி ஒரு மணி நேரம் படகில். இந்தச் சுற்றைக் கடல் போடவில்லை. பாஸ்போர்ட்டும் படகு நேரமும் போட்டவை. கச்சத்தீவு என்றதும் மேடையில் தொண்டை கிழியக் கத்துகிறோமே, அது நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் கீழ் வருகிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் அங்கே போன பிறகுதான் தெரியும்.

சரி, தொலைவு என்றால் யாருக்குத் தொலைவு? போர்த்துக்கீசியருக்குத் தொலைவாக இல்லை. டச்சுக்காரர்களுக்கும் இல்லை, அவர்கள் இங்கே குதிரை வளர்த்தார்கள், தங்கள் ஊரின் நினைவாக 'டெல்ஃப்ட்' என்று பெயரும் வைத்தார்கள். பக்கத்துத் தீவுகளுக்கும் லெய்டன், ராட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம் என்று வைத்துப் பார்த்தார்கள், அதெல்லாம் ஒட்டவில்லை. இதில் மட்டும் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2021இல் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய, காற்று மின்சாரத் திட்டம் அமைக்க ஒரு சீன நிறுவனம் தேர்வானது. டெல்லி பதறியது. 2022 மார்ச்சில் அதே வேலையை இந்திய நிதியில் செய்ய ஒப்பந்தம் கையெழுத்தானது. பெய்ஜிங்குக்கும் டெல்லிக்கும் வரைபடத்தின் நடுவில் தெரிகிற இடம், முதுகில் பை மாட்டிய நமக்கு மட்டும் உலகத்தின் ஓரமாகத் தெரிகிறது. ஓரம் என்று சொன்னால்தானே நமக்கு சாகசம்.

அடுத்தது 'யாரும் தொடாத'. முதல் நாள் சாயங்காலம் தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால் நடந்தேன். இடுப்பளவு பவளக்கல் வேலிகள் தெருத்தெருவாக ஓடுகின்றன. சாந்து பூசாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய வேலி, பார்க்க அவ்வளவு அழகு. படம் எடுத்துக்கொண்டே போனேன். ஏழெட்டு வேலி தாண்டிய பிறகுதான் உறைத்தது: உள்ளே வீடே இல்லை. சிலவற்றில் சுவர் மட்டும், சிலவற்றில் ஒரு கிணறு, பனங்கூடல். ஆடு கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் இதெல்லாம் யாருடையது என்று கேட்டேன்.

"வேலிதான் தம்பி மிச்சம். ஆக்கள் எல்லாம் போயிட்டினம். கொஞ்சப்பேர் வன்னியிலை, கொஞ்சப்பேர் கனடாவிலை."

சொல்லிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். நான் போனைப் பைக்குள் வைத்தேன். அரை மணி நேரமாக நான் 'அமைதி' என்று படம் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஆட்கள் போன இடத்தைத்தான். பக்கத்துப் புங்குடுதீவின் கதையை அந்த ஊர்க்காரரான சு. வில்வரத்தினம் 'காற்றுவெளிக் கிராமம்' தொகுப்பில் எழுதியிருக்கிறார். ஆள் இல்லாமல் போன ஊர் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்பும் பயணி படிக்க வேண்டியது அதைத்தான். 'டாப் டென் ஹிடன் ஜெம்ஸ்' பட்டியலை அல்ல.

படகில் போகும்போது என் பக்கத்தில் இரண்டு பேர் வீடியோவுக்காகக் கைவிரித்து நின்றார்கள். நானும் ஒன்று எடுத்தேன், மறைக்கவில்லை. மாவிலித்துறையில் இறங்கிய பிறகுதான் நினைவிடத்தைப் பார்த்தேன். 1985 மே 15. நெடுந்தீவிலிருந்து கிளம்பிய குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. செய்தது கடற்படையினர் என்பது உயிர் தப்பியவர்களின் சாட்சியம். நாற்பது வருஷம் ஆகியும் யாரும் தண்டிக்கப்படவில்லை. பஸ்ஸில் போவது மாதிரி, பள்ளிக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஜனங்கள் அன்றாடம் போகிற கடல் அது. அதைத்தான் நாம் 'கண்ணாடி மாதிரித் தண்ணி' என்று தலைப்பிட்டுப் போடுகிறோம். காலம் அங்கே உறையவில்லை நண்பர்களே. அதற்குத் தேதி இருக்கிறது, கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

குதிரைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், எல்லோரும் அதற்காகத்தானே போகிறோம். நம் ரீல்ஸில் அவை 'சுதந்திரமான காட்டுக் குதிரைகள்'. ஊர்க்காரர்கள் சொல்வது கட்டாக்காலிக் குதிரை. கட்டாக்காலி என்றால் கட்டுவாரும் கேட்பாருமின்றித் திரிகிற மாடு, ஆடு, எதுவும். வளர்த்தவர்கள் விட்டுப்போன பிராணியின் வாரிசுகள் அவை. கோடையில் தண்ணீர் வற்றினால் செத்துப்போகின்றன. சுதந்திரம் என்று நாம் சொல்வதற்கு அந்த ஊர் வைத்திருக்கும் சொல் எவ்வளவு நேர்மையாக இருக்கிறது பாருங்கள்.

'எளிமை' என்ற சொல்தான் எனக்கு இன்னும் எரிச்சல். தீவில் கிணறு நிறைய, நல்ல தண்ணீர் கொஞ்சம். சாராப்பிட்டிப் பக்கம் போனால் நல்ல தண்ணீர் கிடைக்கும். மற்றபடி பல இடங்களில் வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிறது. நான் இரண்டு நாளும் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுபோன பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, சைக்கிளில் கேன் கட்டிப் போகிறவர்களின் எளிமையை ரசித்தேன். ராத்திரியில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், உள்ளூர் ஆஸ்பத்திரியால் முடியாதென்றால், படகு வேண்டும். கடலும் அனுமதிக்க வேண்டும். நமக்கு இரண்டு நாள் 'டீடாக்ஸ்'. அவர்களுக்கு அது வருஷம் முழுக்க, அவர்களைக் கேட்காமலே கிடைத்தது. வசதியில்லாமையை அழகு என்று ஒருமுறை பெயர் வைத்துவிட்டால், வசதி கேட்கிறவன் அழகைக் கெடுக்கிறவன் ஆகிவிடுகிறான். அந்தப் பொய்யின் லாபம் இதில்தான் இருக்கிறது: செய்ய வேண்டியவர்கள் எதுவும் செய்யாமல் இருக்கலாம்.

இதுவரை பொதுவான பயணியைத் திட்டினேன். இனி தமிழ்நாட்டுப் பயணியை, அதாவது என்னை.

இரண்டாம் நாள் காலை கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். என் தமிழைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"தம்பி இந்தியாவோ?"

"ஆமாண்ணே."

"உங்கட றோலர் வாற நாளிலை நாங்கள் கடலுக்கு வலை விடுறேல்லை. விட்டால் வலையும் இல்லை, வலைக்குப் பட்ட கடன் மட்டும்தான்."

கோபமே இல்லாமல் சொன்னார். பிறகு தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். எனக்குத்தான் அந்தத் தேநீர் இறங்கவில்லை.

இழுவைமடி கடலின் அடித்தரையை உழுதுகொண்டு வருகிறது. மீன் குஞ்சும் பாசியும் அடுத்தவன் வலையும் அதில் சேர்ந்து வருகின்றன. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. நம் படகுகள் இன்னும் போகின்றன. நம் மீனவர்கள் சுடப்பட்டதையும் சிறைப்பட்டதையும் நான் மறக்கவில்லை. பிடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு ஏறியவர்கள் என்பதும் தெரியும். ஆனால் அந்த நியாயத்தைச் சொல்லி இந்த அண்ணனின் வலையைத் தைக்க முடியாது. மே மாதம் வந்தால் மெழுகுவர்த்தி ஏற்றி 'எம் உறவுகள்' என்கிறோம். அந்த உறவு கடலில் இறங்கப் பயப்படுவது நம் படகுக்கு. அதே கடலின் கரையில் நின்று நான் 'யாரும் தொடாதது' என்று எழுதினால், அதைவிடக் கேவலமான வாக்கியம் வேறு இருக்குமா?

அப்போ போகவே கூடாதா என்று கேட்பீர்கள். போங்கள். தங்கும் வீட்டுக்கும் ஓட்டோக்காரருக்கும் நாம் கொடுக்கும் காசு அங்கே வேண்டியிருக்கிறது. போவதற்கு முன் மே 15 என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வலை பிரிப்பவரிடம் எந்தெந்த நாள் கடலுக்குப் போவதில்லை என்று கேளுங்கள். திரும்பி வந்து ஊரில் அதைச் சொல்லுங்கள். குறிப்பாக ராமேசுவரத்தில், நாகப்பட்டினத்தில், கேட்கப் பிடிக்காதவர்கள் முன்னால்.

படகில் எடுத்த வீடியோவை அழித்துவிட்டேன். வேலிப் படங்கள் மட்டும் இருக்கின்றன. இப்போது யாராவது "ரிமோட்டா?" என்று கேட்டால் அந்தப் படங்களைக் காட்டி, ராமேசுவரத்திலிருந்து 50 கிலோமீட்டர் என்கிறேன்.