மரியாதையின் பெயரால் உட்கார வைக்கிறோமா?

நம் வீடுகளில் ஒருவருக்கு அறுபது வயது நிறைந்ததும் யாரும் சொல்லாமலே சில ஏற்பாடுகள் நடந்துவிடுகின்றன. தண்ணீர்க் குடம் அவர் கையிலிருந்து வாங்கப்படுகிறது. காய்கறிப் பை அடுத்தவர் தோளுக்கு மாறுகிறது. மாடியில் துணி உலர்த்தும் வேலை மருமகளுக்கோ பேரனுக்கோ போய்விடுகிறது. “நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பது அன்பும் மரியாதையும் கலந்த சொல். இத்தனை ஆண்டுகள் உழைத்தவருக்கு ஓய்வு தருவது கடமை என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் இதயமும் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் முதுமையில் எப்படி இயங்குகின்றன என்பதைப் பற்றி மருத்துவ அறிவியல் கண்டறிந்திருப்பவற்றைப் பார்த்தால், இந்த மரியாதையின் வடிவத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நடமாடக்கூடிய ஒருவரை உட்கார வைப்பதால் அவருக்கு நன்மையைவிடத் தீமையே மிகுதி என்பது நம் கருத்து.

வயது செய்யும் வேலையை யாரும் மறுக்க முடியாது. இளமையில் எளிதாக விரிந்து சுருங்கும் பெருந்தமனியின் சுவர், வயது ஏற ஏற விறைக்கிறது. அதனால் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு உயர்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் விசையுடன் இரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. இதயத் தசையும் விறைத்து, துடிப்புகளுக்கு இடையே தளர்ந்து விரியும் திறனை மெல்ல இழக்கிறது. இதயம் துடிக்கக்கூடிய உச்ச வேகமும் ஆண்டுதோறும் குறைகிறது. 220-இலிருந்து வயதைக் கழித்தால் அந்த உச்ச வேகம் ஏறத்தாழத் தெரியும் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு. எந்தப் பயிற்சியும் இந்தக் குறைவைத் தடுத்துவிடுவதில்லை.

நரம்பு மண்டலத்திலும் இதே கதைதான். நரம்புகளில் செய்தி செல்லும் வேகம் சற்றுக் குறைகிறது. தசைகளை இயக்கும் நரம்பணுக்களில் சில மடிகின்றன. அவற்றை நம்பியிருந்த தசை நார்களும் மெலிகின்றன. உள்ளங்கால் தரையை உணர்வது மங்குகிறது. நாம் எழுந்து நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்காமல் மூளைக்குச் செல்லும்படி இரத்தக் குழாய்களைச் சட்டென்று சுருக்குவதும், இதயத்தை விரைவுபடுத்துவதும் தன்னியக்க நரம்புகளின் வேலை. முதுமையில் அந்த வேலை தாமதமாக நடக்கிறது. காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவுடன் தலை சுற்றுவதாகப் பெரியவர்கள் சொல்வதற்கு இது ஒரு காரணம். ஆக, இதயமும் நரம்பும் தனித்தனியே முதுமை அடைவதில்லை. ஒருவர் குளியலறையில் தடுமாறும் அந்த ஒரு நொடியில் இரண்டுமே சோதனைக்கு உள்ளாகின்றன.

இந்தச் சரிவில் வயதின் பங்கு எவ்வளவு, உட்கார்ந்திருப்பதன் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1966-இல் நடந்த ஓர் ஆய்வு இதற்கு வியப்பான விடை தருகிறது. இருபது வயதுள்ள, நல்ல உடல்நலம் கொண்ட ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையை விட்டு எழாமல் இருந்தார்கள். கடும் உழைப்பின்போது உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்பதை வைத்து அவர்களின் திறன் அளக்கப்பட்டது. அதே ஐவரை 30 ஆண்டுகள் கழித்து மீண்டும் அழைத்து அளந்தார்கள். முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து பறித்துக்கொண்ட திறனைவிட, அன்றைய மூன்று வாரப் படுக்கை பறித்தது அதிகமாக இருந்தது. பிறகு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி அளித்ததும், அவர்களின் சராசரித் திறன் இருபது வயதில் ஆய்வு தொடங்கியபோது இருந்த அளவுக்குத் திரும்பியது. ஐந்து பேரை வைத்து உலகம் முழுவதற்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆயினும் காய்ச்சலுக்குப் பின் பெரியவர்களை மாதக்கணக்கில் கட்டிலிலேயே வைத்திருக்கும் வீடுகள் இந்த ஆய்வைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும்.

அன்றாட வேலையிலேயே இந்த வேறுபாடு தெரியும் என்பதை இலண்டன் மாநகரப் பேருந்துகள் காட்டின. ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் தம் குழுவினருடன் 1953-இல் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, இரட்டை அடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அந்த நடத்துநர்கள் எவரும் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சென்றதாகக் கணக்கில்லை. படி ஏறுவது அவர்களின் பிழைப்பாக இருந்தது, அவ்வளவே.

எப்போது தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். 45 முதல் 64 வயது வரை உள்ள, உடலுழைப்பில்லாத வாழ்க்கை வாழ்ந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் வாரத்தில் நான்கைந்து நாள் பயிற்சி அளித்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. விறைக்கத் தொடங்கியிருந்த அவர்களின் இதயத் தசை கணிசமாக நெகிழ்ந்தது. ஆனால் 65 வயதைக் கடந்தபின் முதன்முறையாகப் பயிற்சி தொடங்கியவர்களிடம், ஓராண்டு முயன்றும், இதயத் தசையின் விறைப்பு பெரிதாக மாறவில்லை என்று அதற்கு முந்தைய ஓர் ஆய்வு கண்டிருந்தது. ஓய்வூதியக் கணக்கைப் பணியில் இருக்கும்போதே தொடங்குகிறோம். இதயத்துக்கும் அந்த ஒழுங்கு தேவைப்படுகிறது.

அறுபத்தைந்தைக் கடந்தவர்கள் இதைப் படித்து மனம் தளர வேண்டியதில்லை. நரம்பும் தசையும் எந்த வயதிலும் பயிற்சிக்குப் பதில் சொல்கின்றன. முதியோர் இல்லமொன்றில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய, மெலிந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைகளுக்கான எடைப் பயிற்சி தரப்பட்டது. முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியதாக 1990-இல் வெளியான ஆய்வு சொன்னது. இத்தனை விரைவான முன்னேற்றத்துக்குத் தசை பெருப்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. உறங்கிக் கிடந்த தசை நார்களை நரம்புகள் மீண்டும் முறையாக ஏவத் தொடங்குவதும் அதில் அடங்கும். மூளையும் இதற்கு விலக்கில்லை. 120 முதியவர்களை இரு குழுக்களாகப் பிரித்து ஓராண்டு நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. வாரம் மூன்று நாள் விரைவாக நடந்தவர்களின் மூளையில், நினைவாற்றலுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 விழுக்காடு வளர்ந்தது. கை கால்களை நீட்டி மடக்கும் இலேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியது.

நம் நாட்டின் நிலை என்ன? 2024-இல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பின்படி, 2022-இல் இந்தியாவின் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். 2000-ஆம் ஆண்டில் இது 22 விழுக்காடாக மட்டுமே இருந்தது. பெண்களின் நிலை ஆண்களைவிட மோசம். “நாள் முழுவதும் வீட்டு வேலை செய்கிறோமே, அது போதாதா?” என்று பெண்கள் கேட்பது நியாயமே. அடுப்படியில் நின்றுகொண்டே இருப்பது களைப்பைத் தருகிறது. ஆனால் இதயத் துடிப்பைத் தொடர்ந்து உயர்த்தும் இயக்கம் அதில் குறைவு. களைப்பையும் பயிற்சியையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

இதற்கிடையில், பெரியவர்களை வெளியே நடக்க வைத்த சின்னச் சின்ன வேலைகளும் ஒவ்வொன்றாக மறைகின்றன. பால், மருந்து, மளிகை எல்லாம் வீட்டு வாசலுக்கு வருகின்றன. மின் கட்டணம் கைப்பேசியில் முடிகிறது. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலிலேயே அடிப்படைச் சேவைகளை அளிக்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2017-இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. எழுந்து நடக்க இயலாதவர்களுக்கு இது பெரும் உதவி. அது இன்னும் பரவலாக வேண்டும். ஆனால் நடக்க முடிந்தவர் பாதுகாப்பான வழி இருக்கும்போது தாமே கிளைக்கு நடந்து வருவதும், பாஸ்புக்கில் பதிவு செய்துகொண்டு நான்கு பேரிடம் பேசிவிட்டுத் திரும்புவதும் கைவிடத் தகுந்த வழக்கங்கள் அல்ல. வங்கி வாடிக்கையாளர் இதழிலேயே இதைச் சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

மறுதரப்பில் ஓர் அச்சம் உண்டு. “விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யார் பார்ப்பது? ஏற்கெனவே இதய நோயாளி, அவரை எப்படி நடக்கச் சொல்வது?” இந்த அச்சம் பொய்யானது அன்று. ஆனால் அசையாமல் இருப்பதால் கால் வலிமையும் சமநிலையும் குறைந்து, விழும் வாய்ப்பு கூடுகிறது. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கும் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியை இன்றைய மருத்துவம் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதுகிறது. எனவே அச்சம் நம்மை மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். மார்பு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் உள்ளவர்களும், நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்களும் அவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

எவ்வளவு செய்வது? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலிமை தரும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு, சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது சேர்க்கச் சொல்கிறது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். பூங்காவில் பேசிக்கொண்டே மெல்ல நடப்பதோடு கடமை முடிந்ததாக நினைக்கிறோம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த வேகம் இருந்தால் அது மிதமான பயிற்சி. அதோடு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரருகே நின்று ஒரு காலைச் சற்றுத் தூக்கியிருப்பது, ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல்களை ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடப்பது ஆகியவற்றுக்குச் செலவு ஏதுமில்லை. வீட்டில் இளையவர் ஒருவர் அருகில் நின்றால் போதும்.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வங்கியில் போட்ட வைப்புத்தொகையை நாம் மறந்துவிட்டாலும் அது வட்டியுடன் காத்திருக்கும். உடல் அப்படிக் காத்திருப்பதில்லை. பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே பெற்றதில் ஒரு பங்கு கரையத் தொடங்கும். ஆகவே கடுமையைவிடத் தொடர்ச்சிக்கே மதிப்பு அதிகம்.

பொறுப்பு தனிமனிதரோடு முடிவதில்லை. கடைகளும் வாகனங்களும் ஆக்கிரமித்த நடைபாதையை வைத்துக்கொண்டு “நடங்கள்” என்று முதியவர்களுக்கு உபதேசம் செய்வது பொருந்தாது. நகராட்சிகள் நடைபாதைகளை மீட்க வேண்டும். வங்கிக் கிளைகளும் அஞ்சலகங்களும் படிகளில் கைப்பிடியும், சாய்தளமும் அமைத்து, இரவல் கை தேடாமல் பெரியவர்கள் ஏறி வர வழிசெய்ய வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் ஓய்வூதியர்கள் ஆயுள் சான்றிதழ் அளிக்கிறார்கள். அந்த மாதத்தையே மற்றொரு சோதனைக்கும் வைத்துக்கொள்ளலாம். முப்பது நொடிகளில் கை ஊன்றாமல் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்று எண்ணிக் குறித்துவைக்கலாம். படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பின்னும் இரத்த அழுத்தத்தை மருத்துவரிடம் அளந்துகொள்ளலாம். அடுத்த நவம்பரில் அந்தக் குறிப்பை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீட்டுப் பெரியவர் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால், இனி அதைப் பிடுங்கிக்கொள்ளாமல், நேரம் இருந்தால் நாமும் அவருடன் நடப்போம்.