கைப்பேசி தாயாகுமா?

ஊரில் ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்தால் தாய், மாமியார், அத்தை, அடுத்த வீட்டுப் பாட்டி என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வர். பிழைப்பு தேடி ஆலுவாவுக்கும் ஏலூருக்கும் மட்டாஞ்சேரிக்கும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் அந்த நாலு பேர் இல்லை. கணவன் வேலைக்குச் சென்றபின் வாடகை அறையில் தனித்திருக்கும் கர்ப்பிணிக்குக் கைப்பேசியே துணை. வாட்ஸ்அப், பேஸ்புக் தாய்மார் குழுக்களில் சேர்ந்து, வாந்திக்கு என்ன மருந்து, எந்த மாதத்தில் எதைச் சாப்பிடலாம், குழந்தைக்கு எதை வாங்கலாம் என்று கேட்டறிகிறாள்.

இதைக் குறை கூறுவதற்கில்லை. மலையாளம் பழகாத பெண்ணுக்குத் தன் மொழியில் கிடைக்கும் ஓர் ஆறுதல் வார்த்தை பெரிது. ஒருவர் பயன்படுத்திய தொட்டில் மற்றவருக்குப் பாதி விலையில் கிடைப்பதும் நன்மையே. ஆனால், ஊர்ப் பாட்டி தவறாகச் சொன்னால் மறுநாள் அவளைக் கேட்கலாம். குழுவில் சொன்னவர் யார், எந்த ஊர், என்ன படித்தவர் என்பது எவருக்கும் தெரியாது. விளைவுக்கு அவர் பொறுப்பேற்பதுமில்லை.

2018 ஜூலையில் திருப்பூரில், சமூக ஊடகத்தில் கண்ட படங்களை நம்பி வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் தாய் உயிரிழந்தார். 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூர் அருகே ஒரு தம்பதியர், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உள்ள வாட்ஸ்அப் குழுவின் துணையுடன் வீட்டிலேயே பிரசவம் பார்த்தனர்; நல்லவேளையாகத் தாயும் சேயும் பிழைத்தனர். 2025 ஏப்ரலில் மலப்புறத்தில், ஆலுவாவை அடுத்த பெரும்பாவூரைச் சொந்த ஊராகக் கொண்ட பெண் ஒருவர், ஐந்தாவது பிரசவம் வீட்டில் நடந்தபின் ரத்தப்போக்கால் மாண்டார். முந்தைய பிரசவங்கள் நல்லபடியாக முடிந்தன என்பது அடுத்ததற்கு உத்தரவாதமாகாது. பேற்றுக்குப்பின் ரத்தப்போக்கு மிகுந்தால் இரண்டு மணி நேரத்திலேயே உயிர் போகக்கூடும். அப்போது வேண்டியவை ரத்தமும் மருத்துவரும். ஆயிரம் பேரின் அனுபவக் கதைகள் அல்ல.

2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் மரணம் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. இந்தக் குறைவு தானாக வந்ததன்று. பிரசவங்கள் மருத்துவமனைகளுக்கு மாறியதால் வந்தது.

வாங்கும் பொருள்களிலும் எச்சரிக்கை தேவை. குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று குங்குமப்பூவும், பலம் தரும் என்று விலை உயர்ந்த மாவும் விற்கப்படுகின்றன. குங்குமப்பூ நிறத்தை மாற்றாது. தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அனுபவம் சொல்வதுபோல் குழுக்களில் வரும் சிபாரிசுகளில் எது அனுபவம், எது விற்பனை என்று பிரித்தறிவது எளிதன்று. அதேசமயம், உண்மையில் தேவையான இரும்புச்சத்து மாத்திரை நாளொன்றுக்கு ஒன்று வீதம் 180 நாள்களுக்கு அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

மருத்துவமனைச் செலவை எண்ணித் தயங்குவோரும் உண்டு. 2011 முதல் நடைமுறையிலுள்ள திட்டப்படி, அரசு மருத்துவமனையில் சிசேரியன் உள்பட எல்லாப் பிரசவங்களும் இலவசம். ஆலுவாவில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. மட்டாஞ்சேரியில் பெண்கள், குழந்தைகளுக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதல் குழந்தைக்கு 5,000 ரூபாயும், இரண்டாவது பெண் குழந்தையானால் 6,000 ரூபாயும் மத்திய அரசு தருகிறது. கருவுற்றதும் அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் பெயரைப் பதிவு செய்துகொள்வதே முதற்கடமை.

கேரள சுகாதாரத் துறைக்கும் ஒரு கடமை உண்டு. தமிழர் மிகுந்து வாழும் இடங்களில் ஆலோசனைகளைத் தமிழிலும் அச்சிட்டு வழங்குவதும், தமிழ் பேசும் ஊழியரை அனுப்புவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. நம்பத் தகுந்த பதில் தன் மொழியில் கிடைக்காதபோதுதான் பெண்கள் முகம் தெரியாதவர்களை நாடுகின்றனர். தமிழ் அமைப்புகளும் விழாக்களுடன் நின்றுவிடாமல், தங்கள் பகுதியில் தனித்திருக்கும் கர்ப்பிணிகளைக் கண்டறிந்து மருத்துவமனைக்குத் துணை செல்ல மகளிரை ஏற்பாடு செய்யலாம்.

குழுவில் பேசுவதை எவரும் தடுக்க வேண்டியதில்லை. அங்கே கேட்டதை மருத்துவரிடமும் செவிலியரிடமும் கேட்டுத் தெளிந்தபின் செய்வதே தாய்க்கும் சேய்க்கும் பாதுகாப்பு.